மேல்வாரம் முக்கால் பங்கா?

நாமக்கல் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பையன் இருக்கிறான். கல்லூரியில் முதலாண்டு. பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா என்ற கேமுக்குள் நம் ஊர் அரசுப் பேருந்தை ஓட வைத்தவன். அந்தக் கேமை 2017-இல் வெளியிட்டது இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம்; அதில் வெளியாட்கள் செய்த வண்டிகளைச் சேர்க்க வழி உண்டு. ஒரு கேமுக்கு வெளியாட்கள் செய்யும் இப்படிப்பட்ட சேர்க்கையை மோட் என்பார்கள். இவன் படிக்கட்டு, கம்பி, ஜன்னல் தகரம், பின்பக்க ஏணி என்று ஒவ்வொன்றாக உருவாக்கி, டிப்போவுக்குப் போய் ஹாரன் சத்தத்தைப் பதிவு செய்து சேர்த்தான். மூன்று மாதம் ஆயிற்று. 100 ரூபாய்க்கு வாட்ஸ்அப்பில் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தான். ஒரே வாரத்தில் யாரோ அவன் பெயரை எடுத்துவிட்டு வெளியே இலவசமாகப் போட்டுவிட்டார்கள். "ஏண்டா சும்மா விட்ட?" என்று கேட்டேன். "கேம் அவங்களோடது அண்ணா, நாம என்ன உரிமை கேக்க முடியும்?" என்றான்.

அவன் சொன்னது அவனுடைய கருத்து மட்டுமல்ல. உலகம் முழுக்க இந்தத் துறையில் ஊறிப்போன கருத்து. கேம் நிறுவனங்கள் சொல்கின்றன, விளையாடுகிறவர்கள் சொல்கிறார்கள், மென்பொருள் வேலையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள்: கேம் இல்லாவிட்டால் மோட் ஏது? நிலம் அவர்களுடையது, கால் பங்கு கொடுத்தாலும் அது பெரிய மனசு. இந்த வாதம் கணக்கிலும் தவறு, நியாயத்திலும் தவறு. உழைத்தவன் வாயிலிருந்தே இதை வரவழைத்துவிட்டார்களே என்பதுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

இந்த வாதம் எண்ணாக மாறி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த நாள் 2015 ஏப்ரல் 23. ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், பெதஸ்டாவின் ஸ்கைரிம் கேமுக்கான மோடுகளை இனி விலைக்கு விற்கலாம் என்று அறிவித்தது. கடைக்கு 30 சதவீதம், பெதஸ்டாவுக்கு 45, மோட் செய்தவருக்கு 25. நீங்கள் 4 டாலர் கொடுத்து ஒன்றை வாங்கினால் செய்தவருக்கு 1 டாலர் போகும், கடைக்கு 1.20, பெதஸ்டாவுக்கு 1.80. அந்த 1 டாலரும் உடனே கைக்கு வராது. அவர் பங்காக 100 டாலர் சேர்ந்த பிறகே பட்டுவாடா. அதாவது 400 டாலருக்கு விற்றாக வேண்டும். அரை டாலர் விலை வைத்தவர் 800 பேர் வாங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

நான்கே நாளில், ஏப்ரல் 27 அன்று, திட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். எதிர்ப்பு மனுவில் 1,30,000-க்கு மேல் கையெழுத்து விழுந்திருந்தது. வால்வின் தலைவர் கேப் நியூவெல் தானே வந்து பதில் சொல்லிப் பார்த்தார்: இதுவரை வந்த மொத்தப் பணமே 10,000 டாலர்தான், குவிகிற மின்னஞ்சல்களைச் சமாளிக்கும் செலவில் அது ஒரு சதவீதம் அளவுக்குத்தான் வரும் என்றார். கூட்டம் அடங்கவில்லை.

அன்றிலிருந்து இதை "மோடுக்கு யாரும் காசு தரமாட்டார்கள்" என்ற கதையாகவே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பங்கு எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்ற கேள்வி அந்தக் கதைக்கு அடியில் போய்விட்டது. அந்த வாரத்தில் பெதஸ்டா வெளியிட்ட விளக்கத்தை இன்று படித்தாலும் எனக்கு ஆறவில்லை. 25 சதவீதம் சரியா, கூட வேண்டுமா, குறைய வேண்டுமா என்று எல்லாப் பக்கமும் வாதம் இருக்கிறது, ஆனால் துறையில் இப்போதுள்ள வழக்கம் இதுதான் என்ற பொருளில் சொன்னார்கள். வழக்கம் என்றால் யார் ஏற்படுத்திய வழக்கம்? எந்த வேலைக்கு? அதைப் பார்க்காமல் மேலே போக முடியாது.

அந்த 25, டீம் ஃபோர்ட்ரஸ் 2 கேமின் தொப்பிகளிலிருந்து வந்தது. ஸ்கைரிம் திட்டத்துக்குச் சில ஆண்டுகள் முன்பே வால்வ் தன் கேமுக்குத் தொப்பி, துப்பாக்கி போன்ற பொருள்களை வெளியாட்கள் வடிவமைத்துத் தரலாம் என்றது. விற்றால் கால் பங்கு. டோட்டா 2-க்கும் கவுன்டர் ஸ்ட்ரைக்குக்கும் இது பரவியது. 2015 ஜனவரியில் வால்வ் வெளியிட்ட கணக்குப்படி 1,500-க்கு மேற்பட்டவர்களுக்கு 5.7 கோடி டாலர் போய்ச் சேர்ந்திருந்தது. பெரிய தொகை. அதை நான் சிறுமைப்படுத்தவில்லை.

ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். டீம் ஃபோர்ட்ரஸ் 2, டோட்டா 2 இரண்டும் விளையாட இலவசம். பொருள் விற்றுத்தான் சர்வர் ஓட வேண்டும், சம்பளம் போக வேண்டும். ஒரு தொப்பியைச் செய்து கொடுத்தால் அதைத் தேர்ந்தெடுப்பது வால்வ், கேமுக்குள் பொருத்துவது வால்வ், அடுத்த புதுப்பிப்பில் அது உடையாமல் பார்த்துக்கொள்வதும் வால்வ். செய்தவர் ஒப்படைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம்.

ஸ்கைரிம் மோடில் இது எதுவுமே இல்லை. கேமுக்கு வாங்குபவர் ஏற்கெனவே முழு விலை கொடுத்தாயிற்று. தேர்வு கிடையாது, சோதனை கிடையாது, பொருத்தித் தருவது கிடையாது. வாங்கிய மோட் வேலை செய்யாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்குப் பிறகு உடைந்தால்? மோடின் பக்கத்தில் போய்ச் செய்தவரிடம் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று வால்வின் கேள்வி பதில் பக்கம் சொன்னது. பொறுப்பு முழுவதும் செய்தவர் தலையில், பணத்தில் கால் பங்கு அவர் கையில். திட்டத்தைக் கைவிட்டபோது வால்வே ஒன்றை ஒப்புக்கொண்டது: முன்பு வெற்றி பெற்ற தங்கள் பங்கு முறைகளுக்கும் ஸ்கைரிமுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று. கடைக்காரரே வாபஸ் வாங்கிய ஒப்பீட்டைப் பத்தாண்டு கழித்தும் நாம் "துறை வழக்கம்" என்று சொல்லிக்கொண்டிருப்பது ஏன்?

பொறுப்பு என்று பொதுவாகச் சொன்னால் புரியாது. நானும் ஒரு காலத்தில் ஸ்கைரிமுக்கு ஒரு சின்ன வீடு கட்டினேன். ஒரு கூடம், ஒரு அடுப்பங்கரை, மாடிக்கு ஒரு படி. 2012-இல் பெதஸ்டா இலவசமாக வெளியிட்ட கிரியேஷன் கிட் கருவியில் சுவரையும் கூரையையும் அடுக்க இரண்டு மாலை போதும். பார்க்க வீடு தயார். ஆனால் கேமுக்குள் நடமாடும் மனிதர்களுக்குத் தரை என்பது தெரியாது. எங்கே காலை வைக்கலாம் என்று முக்கோணம் முக்கோணமாகக் கோடிழுத்து நாம்தான் ஒரு வலை பின்ன வேண்டும். நேவ்மெஷ் என்பார்கள். கூடத்தில் எளிதாக முடிந்தது. படிக்கட்டில் ஒரு முக்கோணத்தின் முனை ஒரு விரல்கடை மேலே நின்றுவிட்டது. கேமில் என் பின்னால் துணைக்கு வரும் லிடியா என்ற பாத்திரம் படியின் அடியில் நின்று சுவரோடு சுவராக நடந்துகொண்டே இருந்தது. மூன்று இரவு போயிற்று அந்த ஒரு முனையைக் கண்டுபிடிக்க. பிறகு வாசல். கதவடியில் உள்ளே இருக்கும் வலையும் வெளியே இருக்கும் வலையும் கோக்கப்படவில்லை என்றால் கூட வருபவர் தெருவிலேயே நின்றுவிடுவார். அதையும் கோத்தேன். பிறகு ரசிகர்கள் செய்த எக்ஸ்எடிட் என்ற கருவியில் போட்டுப் பார்த்தால், வேலை செய்யும்போது கை பட்டு மூலக் கேமின் சில பதிவுகளை நான் தொட்டு வைத்திருக்கிறேன். மாற்றம் ஒன்றும் இல்லை, சும்மா தொட்டதுதான். ஆனால் அது அப்படியே போனால் இன்னொருவர் மோட் அங்கே செய்த மாற்றத்தை என்னுடையது அழித்துவிடும். ஒவ்வொன்றாகத் துடைத்தேன். எல்லாம் முடித்து வெளியிட்ட நான்காம் நாள் ஒருவர் எழுதினார்: "உங்கள் அடுப்பங்கரையில் ஒரு பைன் மரம் நிற்கிறது." அவர் போட்டிருந்த காடு மோடின் மரம் அது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஒட்டு செய்து கொடுத்தேன்.

இலவசமாகக் கொடுத்ததுதான். வருத்தமில்லை. ஆனால் இந்த வேலைகளில் எந்த இடத்தில் 45 சதவீதத்துக்குரிய கை நுழைந்தது என்று யாராவது காட்டட்டும்.

கேம் என்ற அடித்தளம் இருந்ததே என்பார்கள். இருந்தது. அதற்கு விலை கொடுத்தாயிற்று. மோட் வாங்கும் ஒவ்வொருவரும் முதலில் கேமை வாங்கியவர். கேம் இல்லாமல் மோட் ஓடாது. அதே அடித்தளத்தை இரண்டாம் முறை, மூன்றாம் முறை விற்பதற்குப் பெயர்தான் இந்த 45. அதோடு அடித்தளம் மட்டுமே மேலே இருப்பதைத் தாங்குகிறது என்பதில்லை, மேலே இருப்பதும் அடித்தளத்தைத் தாங்குகிறது. 2009-இல் வெளியான ஆர்மா 2 என்ற ராணுவ கேம் 2012-இல் திடீரென்று ஸ்டீமின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. காரணம் அதற்கு டீன் ஹால் செய்த டேஸீ என்ற இலவச மோட். மூன்று வருடப் பழைய கேமை மக்கள் அந்த மோடுக்காகவே வாங்கினார்கள். ஸ்கைரிம் 2011 நவம்பரில் வந்தது. 2016-இல் மறுபதிப்பு, 2021-இல் இன்னொரு பதிப்பு. 2023-இல் மொத்தம் 6 கோடிப் பிரதிகள் விற்றதாக அதன் இயக்குநர் டாட் ஹவர்ட் சொன்னார். பன்னிரண்டு வயதான ஒரு கேம் அப்படி விற்றதில் மோடுகளுக்குப் பங்கில்லை என்று அந்த நிறுவனமே சொல்லாது. மூலக் கேமில் விட்டுப்போன பிழைகளைத் திருத்தும் தொகுப்பைக்கூட ரசிகர்கள்தான் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறார்கள்.

இன்னொன்று. அடித்தளத்துக்குப் பங்கு என்றால், எல்லா அடித்தளத்துக்கும் பங்கு இருக்க வேண்டும். ஸ்கைரிமின் பெரிய மோடுகளில் பல, கேமின் மேல் மட்டும் நிற்பதில்லை. எஸ்கேஎஸ்இ என்ற நிரல் விரிவாக்கி, ஸ்கையூஐ என்ற இடைமுகம், எக்ஸ்எடிட் போன்ற கருவிகள் என்று ரசிகர்கள் சம்பளமில்லாமல் செய்துவைத்த படிகளின் மேல் நிற்கின்றன. 2015 திட்டத்தில், மோட் செய்தவர் விரும்பினால் வால்வ் தன் பங்கிலிருந்து ஒரு பகுதியைச் சில தளங்களுக்கும் கருவிகளுக்கும் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. அந்தத் திட்டத்தில் நான் நல்லது என்று சொல்லக்கூடிய ஒரே அம்சம் அது. அதன் நல்ல பக்கத்தைப் பேசியவர்கள் குறைவு.

"நிலம் என்னுடையது, நிலம் இல்லாமல் நெல் ஏது" என்ற பேச்சு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. நிலக்காரர் பங்குக்கு மேல்வாரம், உழுதவர் பங்குக்குக் குடிவாரம் என்ற சொற்களே அந்தச் சண்டையில் தேய்ந்தவை. 1952-இல் தஞ்சைக்கு வந்த சட்டம் வாரத்துக்கு உழுதவனுக்கு விளைச்சலில் 40 சதவீதம் என்று உறுதி செய்தபோது அதுவே பெரிய வெற்றியாக இருந்தது. 1956-இன் நியாய வாரச் சட்டம் நன்செய் நிலத்தில் நிலக்காரரின் பங்கையே 40 என்று ஆக்கியது. 1980-இல் அது 25 ஆனது. சட்டம் சொன்னதெல்லாம் களத்துமேட்டில் அப்படியே நடந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் நிலத்துக்குக் கால், உழைப்புக்கு முக்கால் என்பது இந்த மண்ணில் முடிவாகிவிட்ட நியாயம். அதே மண்ணில் வளர்ந்த பிள்ளைகள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் நிலத்துக்கு முக்கால் என்பதை இயல்பாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

நிலக்காரருக்காவது ஒரு வாதம் இருந்தது. ஒரு வேலி நிலத்தை ஒருவன் உழுதால் இன்னொருவன் அதை உழ முடியாது. கேம் அப்படியில்லை. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் அதன் மேல் பயிர் வைக்கலாம், ஒரு பிடி மண்கூடக் குறையாது. நிலக்காரரைவிடக் கேம் உரிமையாளரின் கோரிக்கை வலுக்குறைந்தது; கேட்கும் பங்கோ அதிகம்.

கருவி செய்ய, கடை நடத்தச் செலவில்லையா என்று கேட்பார்கள். செலவு உண்டு. அதற்கு என்ன விலை என்பதையும் இதே துறையிலேயே பார்க்கலாம். ஸ்கைரிம் திட்டம் வருவதற்கு ஏழு வாரம் முன்னால், 2015 மார்ச்சில், எபிக் நிறுவனம், கேம் உருவாக்கும் அடிப்படை மென்பொருளான தன் அன்ரியல் என்ஜினை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தது. ஒரு காலாண்டில் முதல் 3,000 டாலருக்கு ஒன்றும் வேண்டாம், அதற்கு மேல் 5 சதவீதம். முழு என்ஜின். வெளிச்சம், இயற்பியல், ஒலி, நிரல் எல்லாம் சேர்த்து 5. 2020-இல் அதையும் தளர்த்தி, ஒரு கேம் முதல் 10 லட்சம் டாலர் சம்பாதிக்கும்வரை எதுவும் வேண்டாம் என்றார்கள். ஒரு முழு என்ஜினுக்கு 5 போதுமென்றால், ஏற்கெனவே விற்றுவிட்ட கேமுக்கும் அதன் கூடவந்த கருவிக்கும் 45 எங்கிருந்து வந்தது?

கடைப் பங்கு 30 என்பதும் கல்லில் எழுதியதல்ல. 2018-இல் வால்வ் தன் விதியை மாற்றியது: ஒரு கேம் ஒரு கோடி டாலரைத் தாண்டி விற்றால் கடைக்கு 25, ஐந்து கோடியைத் தாண்டினால் 20. அதே ஆண்டு டிசம்பரில் எபிக் திறந்த கடை 12 மட்டும் எடுத்தது. பெரிய முதலாளிக்கு 20-க்கு இறங்க முடிகிறது. வீட்டு மூலையில் உட்கார்ந்து கதவு செய்கிறவனுக்கு மட்டும் 30 என்பது மாற்ற முடியாத விதியாகத் தெரிகிறது.

இதைவிடத் தெளிவான சாட்சி விமானம் ஓட்டும் கேம்கள். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு விமானங்களும் விமான நிலையங்களும் செய்து விற்கும் சிறு நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. பிஎம்டிஜி, ஆர்பிக்ஸ் போன்றவை தங்கள் சொந்தக் கடையிலேயே விற்கின்றன. ஒரு போயிங்கின் விமானி அறையைச் சுவிட்ச் சுவிட்சாகச் செய்து அவர்கள் நேரடியாக விற்பதில் மைக்ரோசாஃப்ட் பங்கு கேட்பதில்லை. அதனால் அந்தக் கேம் அழிந்ததா? 1982-இல் தொடங்கிய தொடர் இன்றும் ஓடுகிறது, அந்தத் துணைப் பொருள்களாலேயே ஓடுகிறது. மோட் விற்பனையில் கேம் உரிமையாளருக்குப் பெரும் பங்கு இல்லாவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்பவர்களுக்கு இதைவிடப் பழைய, நீண்ட மறுப்பு வேண்டுமா?

அடுத்த வாதம் மிகவும் பிடிவாதமானது: "பிடிக்கவில்லை என்றால் செய்யாதே. சும்மா கொடுத்துக்கொண்டிருந்ததற்குக் கால் பங்காவது வருகிறதே." இதில் பாதி உண்மை. சும்மா கொடுப்பதைவிடக் கால் பங்கு அதிகம்தான். ஆனால் இதைத் தேர்வு என்று சொல்வது பொய். கேம் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் வேறு வழியில் விற்பதைத் தடை செய்கின்றன. ஒரே வாங்குபவன், ஒரே விலை, வேறு சந்தை கிடையாது. அதற்குப் பேரம் என்று பெயரில்லை.

உரிமையாளர்கள் இதில் எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்பதற்கு வார்கிராஃப்ட் 3-இன் கதை இருக்கிறது. அந்தக் கேமுக்கு ரசிகர்கள் செய்த டிஃபென்ஸ் ஆஃப் த ஏன்ஷியன்ட்ஸ் என்ற வரைபடம் ஒரு புதிய விளையாட்டு வகையையே பிறப்பித்தது. அதன் பெயருக்காக வால்வும் பிளிஸார்டும் மோதி 2012-இல் சமரசம் செய்துகொண்டன. சண்டை இரண்டு பெரிய நிறுவனங்களுக்கு நடுவே நடந்தது. வருடக்கணக்கில் அதைக் கட்டிய ரசிகர்களில் பலர் வெளியே நின்றார்கள். அதிலிருந்து பிளிஸார்டு என்ன கற்றது? 2020-இல் வார்கிராஃப்ட் 3-இன் புதுப்பதிப்போடு வந்த விதிகள், அதில் யார் எதைச் செய்தாலும் அது பிளிஸார்டின் சொத்து என்றன. கால் பங்கு கொடுக்கிறோம் என்று ஆரம்பிக்கிற மனநிலை கடைசியில் போய் நிற்கும் இடம் இது.

பயனர்களே விளையாட்டுகளைச் செய்து போடும் ரோப்லாக்ஸ் தளம் பங்கு தருகிறதே, பிள்ளைகள் மகிழ்ச்சியாகச் செய்கிறார்களே என்பார்கள். அந்தக் கணக்கையும் போடுவோம். பல ஆண்டுகள் இருந்த விகிதப்படி 4.99 டாலருக்கு அந்தத் தளத்தின் நாணயமான ரோபக்ஸ் 400 கிடைத்தது. ஒரு சிறுவன் அதை முழுவதும் ஒரு விளையாட்டில் செலவழித்தால் நிறுவனம் 30 சதவீதம் எடுத்துக்கொண்டு 280-ஐச் செய்தவருக்கு வரவு வைக்கும். அவர் பணமாக மாற்றும்போது ஒரு ரோபக்ஸுக்கு 0.35 சென்ட். கையில் 98 சென்ட். 70 சதவீதம் உனக்கு என்று கேட்க இனிக்கும், வாங்கும் விலையும் மாற்றும் விலையும் வேறு வேறாக இருப்பதால் கடைசியில் வந்தது ஐந்தில் ஒன்று. ரோப்லாக்ஸ் சர்வர் நடத்துகிறது, குழந்தைகளைக் கண்காணிக்கிறது, செயலிக் கடைகளுக்கும் கட்டுகிறது. ஸ்கைரிமோடு நேராக ஒப்பிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட இடத்திலேயே ஐந்தில் ஒன்று வந்தது என்றால், சர்வரே இல்லாத ஸ்கைரிமில் நான்கில் ஒன்று என்பதை எப்படிப் பெரிய மனசு என்பது?

எதிர்த்தவர்களிடமும் எனக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. 2015-இல் கையெழுத்துப் போட்டவர்களின் கோபம் நியாயமானது. திருட்டு மோடுகள் விற்பனைக்கு வந்தன. மீன்பிடிக்கும் மோட் ஒன்று, இன்னொருவர் இலவசமாகக் கொடுத்த அசைவு நிரலைச் சார்ந்திருந்ததால் தகராறாகி, செய்தவரே எடுத்துவிட்டார். இவையெல்லாம் தீர்க்க வேண்டிய சிக்கல்கள். ஆனால் அந்தக் கூட்டம் 25 அநியாயம் என்று ஆரம்பித்து 0 போதும் என்று முடித்தது. மோட் என்பது அன்பால் செய்வது, காசு வந்தால் கெட்டுவிடும் என்றார்கள். மிருதங்கம் செய்பவர் அன்பில்லாமலா தோலை இழுத்துக் கட்டுகிறார்? அவருக்குக் கூலி வேண்டாம் என்று எந்த ரசிகரும் சொல்வதில்லை. இலவசமாகக் கொடுக்க விரும்புபவர் கொடுக்கட்டும், நானும் கொடுத்தேன். கொடுப்பது அவர் முடிவாக இருக்க வேண்டும், அதை எதிர்பார்க்கும் உரிமை வாங்குபவருக்கு இல்லை.

அந்த முடிவு செய்தவர் கையில் இல்லாததால் என்ன ஆகிறது என்பதற்கு நிக் பியர்ஸ் என்ற ஆஸ்திரேலியரின் கதை போதும். வழக்கறிஞர். மூன்று வருடம், 1,700 மணி நேரத்துக்கு மேல் உழைத்து ஸ்கைரிமுக்குள் த ஃபர்காட்டன் சிட்டி என்ற மோடைச் செய்தார். ஒருவர் செய்த பாவத்துக்கு ஊரே சாகும் ஒரு நகரம், அதைக் காப்பாற்றக் காலத்தைத் திருப்பும் கதை. 2015-இல் வெளியானது, லட்சக்கணக்கானோர் விளையாடினார்கள். 2016-இல் ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருது பெற்றது. ஒரு மோடுக்கு அப்படி ஒரு விருது அதுவே முதல் முறை. ஆனாலும் அந்த மண்ணில் அவர் அதை விற்க முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு, கதையைப் பெயர்த்து எடுத்து, நகரத்தை ரோமானிய நகரமாக மாற்றி, அன்ரியல் என்ஜினில் முதலிலிருந்து கட்டி 2021-இல் தனி கேமாக வெளியிட்டார். ஒரே மனிதர், ஒரே கதை. விற்கக்கூடிய இடத்துக்குப் போய்ச் சேர ஆறு வருடமும் ஒரு வேலையும் செலவாயிற்று. அவரால் முடிந்தது. முடியாமல் விட்டவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

அப்படியானால் எவ்வளவு என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது. விற்பனைத் தொகையில் செய்தவருக்கு 60. கடைக்கு 20, பெரியவர்களுக்குக் கொடுக்க முடிந்ததைச் சிறியவர்களுக்கும் கொடுக்கலாம். கேம் உரிமையாளருக்கு 15. அதன் உலகம், பெயர்கள், பாத்திரங்கள், இசை ஆகியவற்றைப் பயன்படுத்துவதற்கு அது நியாயமான உரிமத்தொகை. ஓர் என்ஜினுக்குக் கேட்பதைப்போல் மூன்று மடங்கு. மீதி 5, எந்த ரசிகர் கருவியின் மேல், எந்த இலவச மாதிரியின் மேல் இது நிற்கிறதோ அவர்களுக்கு. யார் யாருக்கு என்பதை வெளியிடும்போதே பதிய வேண்டும். பதியாமல் விற்றால் விற்பனையை நிறுத்தி வைக்க வேண்டும். மீன்பிடி மோடுக்கு வந்த தகராறு அந்தப் பதிவிலேயே தீர்ந்திருக்கும். நிறுவனமே சர்வர் நடத்தும் இடத்தில் செய்தவருக்கு 50-க்குக் குறையக்கூடாது. பட்டுவாடாவுக்கு 100 டாலர் வரம்பு கூடாது, மாதக் கடைசியில் இருப்பது போக வேண்டும். கதையும் ஓவியமும் செய்தவருடையதாகவே இருக்க வேண்டும், நாளை அவர் வேறு என்ஜினுக்கு எடுத்துப் போகலாம். இந்த விகிதத்தை வாங்கும் பொத்தானுக்குக் கீழேயே அச்சடிக்க வேண்டும். 2015-இலும் அதற்குப் பிறகும் பங்கு பற்றிய பேச்சு எப்போதும் நிறுவனத்தின் விளக்கக் குறிப்புகளுக்குள்ளேயே நடந்தது. வாங்குபவர் தன் 4 டாலர் எங்கே போகிறது என்பதைக் காசு கொடுக்கும் நொடியில் பார்க்க வேண்டும்.

நாமக்கல் பையனிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். 100 ரூபாய் பஸ்ஸில் 60 அவனுக்கு, 15 இந்தோனேசியாவுக்கு, 20 கடைக்கு. மிச்சம் 5 யாருக்கு அண்ணா என்றான். "உன் பஸ்ஸுக்குச் சக்கரம் யாரு செஞ்சது?" என்று கேட்டேன். கேரளாவில் ஒருத்தர் இலவசமாகப் போட்டிருந்தார், அதை எடுத்துத்தான் மாட்டினேன், பெயரைக்கூடப் போட்டிருக்கேன் என்றான். போனை எடுத்து அந்தப் பெயரைத் தேட ஆரம்பித்தான்.